வேலையைக் கொடுப்பது வேறு, முடிவைக் கொடுப்பது வேறு

காவேரிப்பட்டணத்தில் எனக்கு ஓர் எலக்ட்ரிக்கல் சாமான் கடை இருக்கிறது. ஒயர், சுவிட்ச், ஸ்டார்ட்டர், போர்வெல் மோட்டாருக்கான கேபிள் இதெல்லாம்தான் வியாபாரம். சில வருடங்களுக்கு முன் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்காக அரூர் போயிருந்தேன். தாலி கட்டும் நேரத்தில் மட்டும் போன் மூன்று தடவை அடித்தது. "அண்ணா, நாலு சுருள் ஒயர் எடுக்கிறாரு, நூறு ரூபாய் குறைக்கச் சொல்றாரு, குறைக்கட்டுமா?" அடுத்தது, "அண்ணா, நேத்து வாங்கின ஹோல்டரைத் திருப்பிக் கொண்டாந்திருக்காரு, வாங்கிக்கட்டுமா?" மூன்றாவது, "அண்ணா, டீக்குச் சில்லறை எங்க வெச்சிருக்கீங்க?"

பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "நீங்க இல்லன்னா கடையே ஓடாது போல" என்றார். அன்றைக்கு அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் அது உறைக்க ஆரம்பித்தது.

தொழில் நடத்துவதைப் பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்திலும் ஒரு அறிவுரை தவறாமல் வரும்: "பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள், ஆளை நம்புங்கள்." கேட்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். திரும்பி வந்து பாதிப் பேர் ஒன்றையும் கொடுக்க மாட்டார்கள். மீதிப் பாதிப் பேர் சாவிக்கொத்தையே தூக்கிக் கொடுத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "நம்பிக் கெட்டேன்" என்று உட்காருவார்கள். இரண்டு தரப்புக்குமே பொறுப்பைக் கொடுப்பது என்றால் என்னவென்று சரியாகப் புரியவில்லை என்பது என் எண்ணம். எனக்கும் வெகுகாலம் புரியவில்லை.

## மொய் நோட்டும் சாப்பாட்டுப் பந்தியும்

கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்வோம். மொய் எழுத இரண்டு பேரை உட்கார வைக்கிறோம். ஒருவர் பணத்தை எண்ணுகிறார், இன்னொருவர் ஊர், பேர், தொகை எழுதுகிறார். கவனமாகச் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அதில் முடிவெடுக்க ஒன்றுமில்லை. ஐந்நூறு கொடுத்தால் ஐந்நூறு என்று எழுத வேண்டும், அவ்வளவே.

சாப்பாட்டுப் பொறுப்பு அப்படி இல்லை. அதைத் தாய்மாமனிடமோ சித்தப்பாவிடமோ விடுவோம். காலை பத்து மணிக்கு மண்டபத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "கூட்டம் நினைச்சதைவிட அதிகம், இன்னொரு மூட்டை அரிசி உலையில் போடு" என்று சமையல்காரரிடம் அவரே சொல்லிவிடுவார். பெண்ணைப் பெற்றவரைத் தேடிக்கொண்டு மேடைக்கு ஓட மாட்டார். ஓடினால், அவர் வந்து பதில் சொல்வதற்குள் மூன்றாம் பந்தி இலை போட்டுக் காத்திருக்கும்.

மொய் எழுதுபவருக்குக் கொடுத்தது வேலை. மாமாவுக்குக் கொடுத்தது முடிவு. கடையிலும் பட்டறையிலும் பொறுப்பைக் கொடுத்துவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி மொய் நோட்டு வகைதான்.

முடிவெடுக்கும் உரிமையை இன்னொருவரிடம் ஒப்படைப்பதற்கு நிர்வாகத்தில் அதிகாரப் பகிர்வு என்று பெயர். டெலிகேஷன் என்று சொல்வார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

## ஏன் கொடுக்க வேண்டும்? ஒரு தக்காளிக் கணக்கு

முதலாளிக்கு ஓய்வு கிடைக்கும் என்பதற்காகத்தான் அதிகாரத்தைப் பகிர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓய்வு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் அசல் காரணம் வேறு.

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டியில் ஏலம் நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். காலையில் ஒரு விலை, வரத்து கூடினால் ஒரு மணி நேரத்தில் வேறு விலை. பெங்களூர் வியாபாரிக்காகக் கொள்முதல் செய்யும் ஆள் ஏலத்தின் நடுவே நிற்கிறார். பழத்தின் நிறம், காம்பு, கையில் எடுத்தால் இருக்கும் கெட்டித்தன்மை, பக்கத்தில் நிற்கும் போட்டிக்காரனின் அவசரம் எல்லாம் தெரிவது அவருக்குத்தான். பெங்களூரில் இருக்கும் முதலாளிக்குப் போனில் தெரிவது விலை மட்டும். அவரிடம் கேட்டுவிட்டுக் கையைத் தூக்குவதற்குள் அந்தக் குவியல் கை மாறியிருக்கும்.

அதாவது, ஒரு முடிவுக்குத் தேவையான விவரம் எந்த இடத்தில் இருக்கிறதோ, முடிவும் அங்கேயே எடுக்கப்பட வேண்டும். விவரத்தை மேலே அனுப்பி, முடிவைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், வழியில் பாதி விவரமும் உதிர்ந்துபோகும்.

இன்னொரு காரணம் மதகு. ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும் மதகு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் வெளியே வரும். என் கடையில் ஒரு நாளைக்கு 40 சின்ன முடிவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 120 நிமிடம். தினமும் இரண்டு மணி நேரம் அதற்கே போய்விடுகிறது. அதைவிட மோசம், அந்த மூன்று நிமிடமும் ஒரு வாடிக்கையாளரும் ஒரு பையனும் வேலையற்று நின்றுகொண்டிருக்கிறார்கள். கடை பெரிதாக வேண்டும் என்றால் முடிவுகள் கூடும். மதகு நான் ஒருவன்தான் என்றால் கடை எவ்வளவு பெரிதாகும்? நான் எவ்வளவு போன் பேச முடியுமோ அவ்வளவுதான்.

## லாரி டிரைவருக்கு என்னென்ன கொடுக்கிறோம்?

எப்படிக் கொடுப்பது என்பதற்கு நம் ஊரில் நல்ல உதாரணம் லாரித் தொழில். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை 44, கிருஷ்ணகிரியையும் தருமபுரியையும் தொட்டுக்கொண்டு போகிறது. லாரி ஓட்டுகிற அல்லது லாரி வைத்திருக்கிற சொந்தக்காரன் ஒருவன்கூட இல்லாத குடும்பம் இங்கே அபூர்வம்.

மாங்கூழ் ஏற்றிய லாரி நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. முதலாளி கிருஷ்ணகிரியில் தூங்குகிறார். டிரைவரிடம் அவர் கொடுத்து அனுப்பியவை எவை? முதலில், சேர வேண்டிய இடமும் நாளும். அதாவது முடிவில் என்ன நடந்திருக்க வேண்டும் என்பது. எந்தக் கியரில் போவது, எந்த தாபாவில் நிறுத்துவது என்பதெல்லாம் அதில் இல்லை. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது எந்த டிரைவரும் முதலாளிக்குப் போன் போட்டுக் கியர் கேட்பதில்லை. அடுத்தது, டீசலுக்கும் சுங்கத்துக்கும் வழிச்செலவுக்கும் பணம். அதோடு ஒரு எல்லை: பஞ்சர், சின்ன ரிப்பேர் என்றால் நீயே பார்த்துக்கொள், இன்ஜினில் கை வைக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டுச் செய். பிறகு சரக்கின் பேப்பர்கள், இறக்குமிடத்து ஆளின் நம்பர், அதாவது தேவையான விவரம். கடைசியாக, திரும்பி வந்ததும் டிரிப் கணக்கு.

இதில் எதை விட்டாலும் ஓடாது. பணம் கொடுத்து எல்லை சொல்லாவிட்டால் இன்ஜின் ரிப்பேர் பில் வந்து நிற்கும். எல்லை சொல்லிப் பணம் கொடுக்காவிட்டால் லாரி வழியில் நிற்கும். டிரிப் கணக்கு இல்லாவிட்டால் இருவருக்கும் மனக்கசப்பு மிஞ்சும். படிப்பு, பட்டம் எதுவுமில்லாமல் தலைமுறையாக லாரி முதலாளிகள் ஒழுங்காகச் செய்துவரும் இதைத்தான் கடைக்காரர்களான நாம் செய்யாமல் விடுகிறோம்.

இதுவரை பார்த்தது: விவரம் இருக்கும் இடத்தில் முடிவு இருக்க வேண்டும். முடிவைக் கொடுக்கும்போது அதோடு எதிர்பார்க்கும் பலன், பணமோ உரிமையோ, எல்லை, விவரம், கணக்குப் பார்க்கும் நேரம் எல்லாம் சேர்ந்தே போக வேண்டும்.

## பொறுப்பு கை மாறும், பதில் சொல்லும் கடமை மாறாது

பிரான்ஸைச் சேர்ந்த சுரங்கப் பொறியாளர் ஹென்றி ஃபயோல், ஒரு சுரங்க நிறுவனத்தைப் பல வருடங்கள் நடத்திய அனுபவத்தை வைத்து, நிர்வாகத்துக்கான 14 கொள்கைகளை 1916இல் வெளியிட்டார். அவற்றில் ஒன்று: அதிகாரமும் பொறுப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒருவரிடம் பொறுப்பை மட்டும் சுமத்தி அதிகாரத்தைத் தராவிட்டால் அவர் பலிகடா. அதிகாரத்தைக் கொடுத்துப் பொறுப்பைக் கேட்காவிட்டால் அவர் குட்டி ராஜா. நூறு வருடம் கழித்தும் நம் ஊர்க் கடைகளில் இந்த இரண்டு பேரையும் பார்க்கலாம்.

இங்கே ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு காரியத்தைச் செய்து முடிக்கும் கடமை பொறுப்பு. அதன் விளைவுக்காக வெளியாருக்குப் பதில் சொல்லும் கடமைக்குப் பொறுப்புக்கூறல் என்று பெயர். முன்னதைக் கொடுக்கலாம். பின்னதைக் கொடுக்க முடியாது.

ஜிஎஸ்டி கணக்கு இதற்குச் சரியான உதாரணம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் போட வேண்டும். வேலையை ஆடிட்டர் ஆபீஸ் செய்கிறது. அவர்கள் மறந்துவிட்டால் தாமதக் கட்டணம் யார் தலையில்? ஜிஎஸ்டி நம்பர் யார் பேரில் இருக்கிறதோ அவர் தலையில். "ஆடிட்டர்கிட்ட விட்டுட்டேன்" என்பது வீட்டில் சொல்லலாம், துறையிடம் செல்லாது. ஆகவே கொடுத்தபிறகும் பார்த்துக்கொண்டிருப்பது முதலாளியின் வேலைதான். எப்படிப் பார்ப்பது என்பதுதான் கேள்வி, அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

## எல்லையை எழுதுவது

எல்லை என்று நான் சொல்வது, "இதுவரை நீயே முடிவெடு, இதற்கு மேல் என்னிடம் வா" என்ற கோடு. வாயால் சொன்ன கோடு ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். எழுத வேண்டும்.

ரிட்ஸ்-கார்ல்டன் என்ற பெரிய ஹோட்டல் நிறுவனத்தில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலாளரிடம் கேட்காமலேயே 2,000 டாலர் வரை செலவிட ஊழியர்களுக்கு உரிமை உண்டு. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கடையில் டீக்கே போன் வருகிறது. ஆனால் யோசித்தால் விஷயம் தொகையில் இல்லை. கோடு எங்கே என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும் என்பதில் இருக்கிறது.

நான் ஒரு தாளில் எழுதினேன். பில்லில் 5 சதவீதம் வரை குறைக்கலாம். பிரிக்காத சாமானை, பில் இருந்தால், 7 நாளுக்குள் திருப்பி எடுக்கலாம், வெட்டின ஒயர் மட்டும் கூடாது. பழைய வாடிக்கையாளருக்கு 3,000 ரூபாய் வரை கடன் கொடுக்கலாம், முந்தைய பாக்கி இருந்தால் கூடாது. கடைச் செலவுக்கு நாளுக்கு 500. எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒட்டினேன். இரண்டே நாளில் வருகிறவர்கள் எல்லாரும் "அதான் 5 சதவீதம்னு போட்டிருக்கே" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தாளைக் கிழித்து மேஜை டிராயருக்குள் ஒட்டினேன். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

அடுத்த தவறு அதைவிடப் பெரியது. நம் கடைகளில் அடக்க விலையை யாருக்கும் காட்டுவதில்லை. அட்டைப்பெட்டியில் முதலாளிக்கு மட்டும் புரியும் எழுத்துக் குறியீட்டில் எழுதி வைப்போம். நானும் அப்படித்தான். ஒயரில் லாபம் குறைவு, ஃபேன்சி லைட்டில் அதிகம். இது தெரியாத பையன் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஐந்து சதவீதம் குறைத்தான். அவன் மேல் என்ன தப்பு? கண்ணைக் கட்டிவிட்டு வண்டி ஓட்டச் சொன்னது நான். பிறகு ஒயருக்கு 2 சதவீதம் என்று எல்லையைப் பிரித்தேன். குறியீட்டையும் மூத்த பையன்கள் இருவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எங்கப்பா காலத்திலிருந்து வந்த குறியீடு, சொல்லும்போது கொஞ்சம் மனசு கேட்கவில்லைதான்.

## அறுத்த கல்லை ஒட்ட முடியாது

எதைக் கொடுக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம்? தொகையை மட்டும் வைத்துப் பிரிப்பது பாதி வழி. இன்னொரு கேள்வியும் வேண்டும்: இந்த முடிவு தப்பானால் திரும்பி வர முடியுமா?

கிரானைட் பட்டறையில் மெருகு சரியில்லை என்றால் இன்னொரு தடவை பாலிஷ் போடலாம். நேரமும் கூலியும் போகும், கல் இருக்கும். ஆனால் ஒரு பிளாக்கைத் தப்பான திசையிலோ தப்பான கனத்திலோ அறுத்துவிட்டால் அவ்வளவுதான். முதல் வகையைத் திரும்பக்கூடிய முடிவு என்றும் இரண்டாவதைத் திரும்பாத முடிவு என்றும் சொல்லலாம். அமேசானைத் தொடங்கிய ஜெஃப் பெசோஸ் பங்குதாரர்களுக்கு எழுதிய 2015ஆம் ஆண்டுக்கான கடிதத்தில் இதைக் கதவாக விளக்கினார். சில கதவுகள் ஒரு பக்கம்தான் திறக்கும், சில இரு பக்கமும் திறக்கும். நிறுவனங்கள் பெரிதானதும் இரு பக்கம் திறக்கும் கதவுக்கும் ஒரு பக்கக் கதவுக்கான நிதானத்தைக் காட்டித் தேங்கிப்போகின்றன என்பது அவர் கவலை. நம்மிடம் பெரும்பாலும் தலைகீழ். நூறு ரூபாய்த் தள்ளுபடிக்கு மூன்று போன், புது கோடவுன் எடுக்க டீக்கடையில் நின்றபடி ஒரு பேச்சு.

திரும்பக்கூடிய முடிவுகளைத் தாராளமாகக் கீழே விடலாம். திரும்பாதவற்றை, தொகை சின்னதாக இருந்தாலும், நாமே வைத்துக்கொள்ளலாம்.

மறுபடியும் சுருக்கமாக: கோட்டை எழுதி வைக்க வேண்டும், கோட்டுக்குள் முடிவெடுக்கத் தேவையான விவரத்தைக் கொடுக்க வேண்டும், திரும்பாத முடிவுகளைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

## பால் சொசைட்டியில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை

"கொடுத்துட்டு அப்புறம் எதுக்குக் கணக்குக் கேக்கறீங்க? நம்பிக்கை இல்லையா?" இதுதான் எல்லாரையும் தடுக்கி விழ வைக்கும் இடம்.

பால் சொசைட்டிக்குக் காலையில் போய்ப் பாருங்கள். ஊற்றுகிற ஒவ்வொருவர் பாலையும் அளக்கிறார்கள், கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள், நோட்டில் எழுதுகிறார்கள். ஊர்த் தலைவர் வீட்டுப் பாலுக்கும் அதே சோதனைதான். "என்னைச் சந்தேகப்படுகிறாயா" என்று யாரும் சண்டைக்கு நிற்பதில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி, தினமும் ஒரே நேரத்தில் நடப்பதால் அதில் அவமானம் இல்லை. ஒருநாள் திடீரென்று ஒருவர் பாலை மட்டும் சோதித்துப் பாருங்கள், அன்றைக்கு ஊர் ரெண்டுபடும்.

நம் கடைகளில் நாம் செய்வது அந்தத் திடீர்ச் சோதனைதான். மூன்று மாதம் எதையும் பார்க்காமல் இருந்துவிட்டு, யாரோ ஏதோ காதில் போட்டதும் ஒருநாள் இரவு ஸ்டாக்கைக் கொட்டி எண்ணுவது. சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம், ஒரு அலமாரியை மட்டும் எண்ணுவது என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். தப்பு வந்தாலும் வராவிட்டாலும் எண்ணுவோம். முதல் மாதம் முகம் சுளித்தார்கள், பிறகு அவர்களே அலமாரியை ஒழுங்கு செய்து வைக்க ஆரம்பித்தார்கள்.

எல்லாவற்றையும் பார்க்கவும் வேண்டாம். அமெரிக்கப் பொறியாளர் ஃபிரெடரிக் டெய்லர் 1903லேயே சொன்ன ஒரு வழி உண்டு, விதிவிலக்கு முறை என்று சொல்வார்கள்: வழக்கப்படி நடந்தவை மேலே வர வேண்டாம், வழக்கத்தை மீறியவை மட்டும் வரட்டும். எங்கள் கடையில் தினம் போடும் பில்களை நான் பார்ப்பதில்லை. எல்லை தாண்டிய தள்ளுபடி, 30 நாள் தாண்டிய கடன், இரண்டு மட்டும் தனி நோட்டில் வரும்.

கீழே இருப்பவர் தானாக மேலே சொல்லும் வழியும் இதோடு சேர்ந்ததுதான். டொயோட்டா தொழிற்சாலைகளில் வண்டி பூட்டும் வரிசையின் ஓரமாக ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். குறை கண்ட தொழிலாளி அதை இழுத்தால் அணித் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். இழுத்தவரைத் திட்டுவதில்லை என்பதுதான் அந்தக் கயிற்றின் உயிர். நம் மாவட்டத்திலேயே, ஓசூரில் இருக்கும் டிவிஎஸ் மோட்டார் 2002இல், தர நிர்வாகத்துக்காக ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசைப் பெற்றது. அந்தப் பரிசு எந்தச் சிந்தனைக்காக இருக்கிறதோ அதன் அடிப்படையும் இதுவே: தரத்தைக் கடைசியில் நிற்கும் இன்ஸ்பெக்டர் மட்டும் பார்த்தால் போதாது, செய்கிற எல்லாரும் பார்க்க வேண்டும்.

## தப்பு நடந்த நாளில்

எழுதி வைத்த எல்லை, வாராவாரம் எண்ணுவது எல்லாம் ஒரே நாளில் வீணாகப் போகலாம். எனக்குப் போனது. மூத்த பையன் ஒரு ஒயரிங் கான்ட்ராக்டருக்கு 2,800 ரூபாய்க்குக் கடன் கொடுத்தான். பழைய வாடிக்கையாளர், பாக்கி இல்லை, எல்லைக்குள்தான். அந்த ஆள் ஊரைவிட்டே போய்விட்டார். நான் கல்லாவில் நாலு பேர் நிற்கும்போது பையனைக் கத்தினேன்.

மறுநாளிலிருந்து எனக்குப் போன் வர ஆரம்பித்தது. தள்ளுபடிக்குப் போன், திருப்பி எடுக்கப் போன், அரூர்க் கல்யாண நாள் மாதிரியே. டிராயருக்குள் தாள் அப்படியேதான் இருந்தது. அதில் இருந்ததை நான்தான் ரத்து செய்துவிட்டேன், வாயால். அதைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆயிற்று. 2,800 ரூபாய் போனதைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

எல்லைக்குள் நடந்த தப்பு கடையின் செலவு. அதற்குக் கேள்வி, "எல்லையை மாற்ற வேண்டுமா?" என்பது. எல்லை மீறி நடந்ததுதான் ஆளின் தப்பு. அதற்கும் கேள்வி தனியாக, உள் அறையில்.

## அப்பாவும் செக் புத்தகமும்

நம் பக்கத்துத் தொழில்களில் அதிகாரப் பகிர்வு பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்த ஆளோடு நடப்பதில்லை, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் நடக்கிறது. மகன் பெங்களூரில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறான். "இனிமே எல்லாம் நீதான் பாத்துக்கணும்" என்கிறார் அப்பா. கடைச் சாவி மகனிடம் வருகிறது. செக் புத்தகம் அப்பாவின் பீரோவில் இருக்கிறது. சரக்கு கொடுப்பவர்கள் பெரியவருக்கே போன் போடுகிறார்கள், அவரும் எடுத்துப் பேசுகிறார். மகன் ஒரு விலை சொல்ல, அப்பா வேறு விலை சொல்ல, சரக்குக்காரர் எது அதிகமோ அதைப் பிடித்துக்கொள்கிறார்.

இதற்கு ஒரே வழியாக நான் பார்த்தது படிப்படியாகப் போவது. முதலில் "கேட்டுவிட்டுச் செய்." பிறகு "செய்துவிட்டுச் சொல்." அப்புறம் "செய், மாசம் ஒருதரம் கணக்குக் காட்டு." ஒரே ஆளுக்கும் ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு படி இருக்கலாம். விற்பனையில் மூன்றாவது படியில் இருக்கும் மகன் கொள்முதலில் முதல் படியில் இருக்கலாம். எந்த வேலையில் எந்தப் படி என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். அதோடு சரக்குக்காரர்களையும் கூப்பிட்டு, "இனி கொள்முதல் இவன்கிட்ட" என்று பெரியவரே சொல்ல வேண்டும். சொன்னபிறகு போன் வந்தால், "அவன்கிட்ட பேசுப்பா" என்று வைத்துவிட வேண்டும். இந்தக் கடைசி வரி எழுத எளிது. பெரியவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் இப்போதுதான் தெரிகிறது.

## எங்கே தொடங்குவது?

ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எதைக் கேட்டு வந்தாலும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன கேள்வி, என்ன பதில் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் புரட்டினால், ஒரே கேள்விக்கு ஒரே பதிலைப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். அவைதான் முதலில் கொடுக்க வேண்டியவை, ஏனென்றால் எல்லையை நீங்கள் ஏற்கனவே வைத்துவிட்டீர்கள், எழுதவில்லை, அவ்வளவுதான். ஒரே கேள்விக்கு நாளுக்கொரு பதில் சொல்லியிருந்தால் அதைக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். அங்கே கோடு எங்கே என்று உங்களுக்கே இன்னும் தெரியவில்லை.

என் நோட்டின் முதல் பக்கத்தில் முதல் வரி இப்படி இருந்தது: "டீக்குச் சில்லறை. பதில்: இடது டிராயர்."